பத்தரை மணிப் பசி

வங்கியில் சர்வர் படுத்துவிட்டது. "பன்னெண்டு மணிக்கு மேல வந்து பாருங்கம்மா" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. மணி பத்து இருபது. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் ஆட்டோவுக்கு இரண்டு தடவை அழ வேண்டும். காலையில் அவசரமாகக் கிளம்பியதில் ஒரு டம்ளர் காபியோடு சரி. வயிறு வேறு கூப்பிட ஆரம்பித்திருந்தது.

மந்தைவெளியில் குடியிருப்பவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று அடுத்த தெரு மெஸ்ஸுக்கு நடந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "டிபன் முடிஞ்சிருச்சும்மா. சாப்பாடு பதினொன்றரைக்கு." உள்ளே ஒருவர் தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வாழையிலையை ஏடு ஏடாக நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். காபியாவது? "பால் இப்பத்தான் தீர்ந்துச்சு." தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் தலைகீழாக ஏறி உட்கார்ந்திருந்தன.

சென்னையில் பத்தரை மணி என்பது ஒரு பள்ளம். இட்லி அஸ்தமித்து, சாம்பார் இன்னும் உதிக்காத நேரம். பெரிய ஓட்டல்களில் இந்நேரத்திலும் ஏதாவது கிடைக்கும். சின்ன மெஸ்காரர்களுக்கு மூச்சு விடக் கிடைப்பதே இந்த ஒரு மணி நேரம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இப்படிப் பள்ளத்தில் விழுந்தவர்களுக்காகவே 1895-இல் இங்கிலாந்தில் ஒருவர் வாதாடினார். கை பெரிங்கர் என்று பெயர். 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற பத்திரிகையில் 'பிரஞ்ச்' என்று ஒரு புதுச் சாப்பாட்டை முன்மொழிந்து கட்டுரை எழுதினார். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரண்டு சொற்களில், ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டிய பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து கனத்த இறைச்சிச் சாப்பாட்டில் விழுவானேன், டீயோ காபியோ மார்மலேடோ என்று ஆரம்பித்து மெல்ல மேலே போகலாமே என்பது வாதம். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்பது உபரி லாபம்.

அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டில் விடிந்ததும் காபி. அதற்கப்புறம் பத்து மணிக்கு நேராகச் சாப்பாடு: குழம்பு, ரசம், மோர், கறி எல்லாம் சேர்த்து. மூன்று மணிக்கு டிபன். ராத்திரி எட்டுக்கு மறுபடி சாதம். தாத்தா ஒன்பதரைக்கு இலை முன் உட்கார்ந்து, கடைசி வாய் மோர் சாதத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார். நடுவில் மத்தியானச் சாப்பாடு என்ற ஒன்றே கிடையாது. பெரிங்கர் கெஞ்சிக் கேட்டதை இவர்கள் வாரம் ஏழு நாளும் கேட்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிபன் என்ற சொல்லும் வெள்ளைக்காரத் துரைகளின் மத்தியானச் சிற்றுண்டிக்கு இங்கே வழங்கிய பெயர்தான். அதை நாம் மூன்று மணிக்குத் தள்ளி வைத்தோம். பிறகு ஆபீசுக்கு டப்பா கட்டும் பழக்கம் வந்ததும் காலை எட்டு மணிக்கு இழுத்து வந்தோம். பத்து மணிச் சாப்பாடு போன இடம்தான் இந்தப் பள்ளம்.

சரி, பள்ளத்திலிருந்து ஏற வேண்டுமே. மெஸ்ஸைத் தாண்டி இரண்டு வீடு தள்ளி, ஒரு பழைய வீட்டை கஃபே ஆக்கியிருக்கிறார்கள். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. நமக்கான இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டதுதான். அன்றைக்குப் பசி சொன்னதைக் கேட்டேன்.

வீட்டை இடிக்காமல் விட்ட புண்ணியவான்கள் யாரோ, நன்றாக இருக்கட்டும். சிவப்பு ஆக்ஸைடு தரை அப்படியே இருக்கிறது. நடந்து நடந்து நடுவில் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் நான்கு மேசை. கூடத்தில் ஆறு. பூஜை அறையாக இருந்திருக்க வேண்டிய மாடத்தில் காபிக்கொட்டைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதில் ஒரு பொருத்தம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஜன்னலோரத்தில் இடம் பிடித்தேன். காதில் கருவி மாட்டிய ஒரு பையன் மடிக்கணினியிடம் ஆங்கிலத்தில் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தான். நேர்காணல் போலிருக்கிறது, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர். இரண்டு இளம் பெண்கள், ஒருத்தி மடியில் தூங்கும் குழந்தை. மூலையில் என் வயதுப் பெண்மணி ஒருவர் வாரப் பத்திரிகையை நாலாக மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மேசையிலும் என்னிடம் இருப்பது போலவே ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல். சர்வரால் வாடிய இன்னொரு பயிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியல் அட்டையைப் படிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஷக்ஷூகா என்று ஒன்று. விசாரித்ததில் வட ஆப்பிரிக்கப் பக்கத்துப் பண்டமாம். தக்காளித் தொக்கைக் கொதிக்க விட்டு அதன் தலையில் முட்டையை உடைத்து ஊற்றுவது. சவர்டோ ரொட்டி என்று ஒன்று. மாவைத் தானாகப் புளிக்க விட்டுச் சுடுவது. இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகும் வீட்டில் பிறந்தவளுக்கு இதை இவ்வளவு பெருமையாக விளக்குவார்களா என்று சிரிப்பு வந்தது. கடைசியில் 'அவகாடோ டோஸ்ட்' என்ற இடத்தில் விரல் நின்றது. விலை 390 ரூபாய்.

அவகாடோ என்றால் பட்டர் ஃப்ரூட். பட்டர் ஃப்ரூட் என்றால் எனக்குத் தாண்டிக்குடி. என் சித்தப்பா கொஞ்ச காலம் மின்வாரியத்தில் அந்தப் பக்கம் வேலையாக இருந்தார். வத்தலகுண்டில் இறங்கி, காபிக்கொட்டை காயும் பட்டிவீரன்பட்டியைத் தாண்டி, கீழ்ப்பழனி மலையில் பேருந்து உறுமிக்கொண்டு ஏறும். மேலே போனால் காபித் தோட்டம்தான். காபிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் சில்வர் ஓக்கும் முள்முருங்கையும் குடை பிடிக்கும். அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நடுநடுவே ஆரஞ்சு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட். காலாண்டு விடுமுறைக்குப் போகும்போது பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் பொத்தென்று விழுந்து கிடக்கும். பொறுக்க ஆள் கிடையாது. சித்தி அதை வழித்தெடுத்து, சர்க்கரையும் பாலும் விட்டு மசித்து, பச்சையாக ஒரு கூழ் கொடுப்பாள். நாங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்போம். உப்பும் மிளகும் போட்டு ரொட்டியில் தடவலாம் என்று அந்த மலையில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் பக்கத்திலேயே தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் டி.கே.டி.1 என்று ஒரு பட்டர் ஃப்ரூட் ரகத்தையே தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள்.

தோன்றியது ஆஸ்திரேலியாக்காரருக்கு. சிட்னியில் பில் கிரேஞ்சர் என்பவர் 1993-இல் ஒரு சின்ன கஃபே திறந்து, ரொட்டியில் பட்டர் ஃப்ரூட்டைப் பட்டியலில் ஏற்றினார். முறையாகச் சமையல் படித்தவர் இல்லை. 2023 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்தபோது, உலகமெங்கும் காலைப் பலகாரத்தை மாற்றியவர் என்று எழுதினார்கள். தாண்டிக்குடியில் மரத்தடியில் அழுகியது, சிட்னி வழியாகச் சுற்றிக்கொண்டு மந்தைவெளிக்கு 390 ரூபாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. காபியும் அதே தோட்டத்துக் காபியாக இருந்தால் இரண்டும் பால்ய சிநேகிதர்கள். என் தட்டில்தான் மறுபடி சந்தித்துக்கொள்கின்றன.

டோஸ்ட் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மேலே எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூள் தூவி, எள்ளும் போட்டிருந்தார்கள். ரொட்டியின் ஓரம்தான் என் கடைவாய்ப் பல்லைச் சோதித்தது.

காபிதான் வழக்குக்கு வந்தது. 'ஃப்ளாட் ஒயிட்' கேட்டிருந்தேன், விலை 240. அகலக் கோப்பையில், மேலே பாலாலேயே ஓர் இலை வரைந்து கொண்டுவந்து வைத்தான் பையன். "என்ஜாய், மேம்" என்றான். வாயில் வைத்தேன். வெதுவெதுப்பு. எங்கள் வீட்டில் இந்தச் சூட்டில் ஒருவருக்குக் காபி கொடுத்தால், நாளைக்கு வராதே என்று சொல்வதாக அர்த்தம்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சூடா கிடைக்குமா?"

தம்பி என்றதும் மேம் காணாமல் போயிற்று. "பால் அறுபத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா அந்த இனிப்பு போயிரும்மா" என்றான், ஏதோ நோயாளியின் உறவினரிடம் பேசும் டாக்டர் மாதிரி. கையில் வெப்பமானி வேறு. அவன் சொல்வது உண்மைதான். பால் மிதமான சூட்டில்தான் இனிக்கிறது. எழுபதைத் தாண்டினால் காய்ச்சிய வாசனை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காய்ச்சிய வாசனைதானே தம்பி நமக்குக் காபி? பொங்கும் வரை பாலைக் கொதிக்க வைத்து, டிகாக்‌ஷனைக் கலந்து, நுரை நிற்க ஆற்றினால்தான் அது காபி. கையில் பிடிக்க முடியாத சூட்டில் போட்டுவிட்டு, அதை ஆற்றுவதற்கென்றே டபரா என்று ஒரு பாத்திரமும் செய்து வைத்துக்கொண்டவர்கள் நாம். தெர்மாமீட்டருக்கு இங்கே என்ன வேலை?

அவன் இயந்திரத்தைக் காட்டினான். பதினெட்டு கிராம் தூள், ஒன்பது பார் அழுத்தம், இருபத்தைந்திலிருந்து முப்பது நொடி. அவ்வளவுதான், சாறு இறங்கிவிடும். 1948-இல் மிலானில் கஜ்ஜியா என்பவர் நெம்புகோல் வைத்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த அழுத்தமும் மேலே மிதக்கும் பொன்னுரையும் வந்தன. எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டர் செய்வதும் இதே காரியம்தான்: கொஞ்சம் நீரில் நிறையத் தூளின் சாரத்தை இறக்குவது. அதற்கு மோட்டார் கிடையாது, அவசரமும் கிடையாது. ராத்திரி வெந்நீர் ஊற்றி மூடினால் காலையில் டிகாக்‌ஷன். அழுத்தம் கொடுப்பது பூமி.

"சிக்கரி போடுறதில்லையா?" என்றேன், தெரிந்தே.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சிக்கரி என்பது ஒரு வேர்; வறுத்துப் பொடித்தால் நிறமும் கெட்டித்தன்மையும் தரும், கொஞ்சம் கசக்கும். கஃபேக்காரர்களுக்கு அது கலப்படம். சட்டமும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது: கலவைப் பொட்டலத்தில் குறைந்தது 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும், எது எவ்வளவு என்று அச்சிட வேண்டும். பாதிக்குப் பாதி சிக்கரி விற்கிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் காபித்தூள் கடையில் நின்று, "பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, எண்பதுக்கு இருபது, நைசா வேண்டாம்" என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்துச் சூடாகப் பொட்டலம் வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்த இருபது எதற்கு என்று. பாலை எதிர்த்து நிற்க வேண்டுமே, அதற்கு.

"உங்க வீட்டுல என்ன குடிப்பீங்க?"

"எங்க ஊர் உடன்குடிப் பக்கம்மா. கருப்பட்டிக் காப்பிதான். சுக்கு, மல்லி தட்டிப் போட்டு அம்மா வைப்பாங்க. காப்பித்தூளே இருக்காது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தூளே இல்லாததை ஊரெல்லாம் காபி என்று கூப்பிட, நாங்கள் இருவரும் சிக்கரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கோப்பையை அவன் சூடாகவே போட்டுக்கொண்டு வந்தான். "எழுபது வச்சிருக்கேம்மா. ஓனர் கேட்டா நான் போடலைன்னு சொல்லிருவேன்."

அந்த இரண்டாவது கோப்பையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'வேற என்ன வேணும்' என்று யாரும் வந்து நிற்கவில்லை. நம்மூர் மெஸ்ஸில் கடைசி வாய் ரசம் சாப்பிடும்போதே, அடுத்துச் சாப்பிட வேண்டியவர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அவர் மூச்சு நம் கழுத்தில் படும். முப்பது ரூபாய்க் காபியை இங்கே 240-க்கு விற்கிறான் என்று அங்கலாய்ப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போடவில்லை. காபி முப்பதுதான். மிச்சம் 210 நாற்காலி வாடகை.

யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது இந்த ஊரில் எப்போதும் பெரிய விஷயமாகவே இருந்திருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' 2000-இல் வந்த புத்தகம். காபி நம் வீடுகளுக்குள் நுழைந்த கதையும், அதைக் கண்டு கலாசாரம் கெட்டது என்று பதறியவர்களின் கதையும், காபி நடுத்தர வர்க்கத்துக்கும் டீ உழைப்பாளிக்கும் என்று பிரிந்த கதையும் அதில் உண்டு. ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதிய காலமும் இருந்தது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள்.

அது பலகையில் எழுதிய விதி. எழுதாத விதியும் உண்டு. நான் கல்லூரியில் படித்த எண்பதுகளில், மூன்று பெண்களாக மயிலாப்பூரில் ஓர் ஓட்டலுக்குள் போனோம். கூடத்தில் பாதி மேசைகள் காலி. பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்ததுமே, "உள்ள ஃபேமிலி ரூம் இருக்கும்மா" என்று கை காட்டினார். ஜன்னல் இல்லாத அறை. பக்கத்தில் கை கழுவும் தொட்டி. ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டது. ஃபேமிலியே இல்லாத மூன்று பேர் அங்கே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் விசேஷம். என் அம்மா ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் காபி கலந்து கொடுத்தவள். தன் ஆயுளில் ஒரு தடவைகூடத் தனியாக ஓர் ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்ததில்லை. எங்கள் தெருமுனை டீக்கடையில் பெஞ்சு இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, அரட்டை இருக்கிறது. முப்பது வருஷமாக அதைத் தாண்டிப் போகிறேன். ஒரு நாள்கூட அங்கே நின்று டீ குடித்ததில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சாரியில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நான்கு தூய்மைப் பணியாளர்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பெண்கள். ஒளிரும் பட்டை போட்ட மேலங்கி. குப்பை வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். டீக்கடைப் பையன் பிளாஸ்டிக் பையில் பார்சல் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஒருத்தி பையின் முனையைப் பல்லால் கடித்து, பேப்பர் கப்புகளில் சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். இன்னொருத்தி பன்னைப் பிய்த்து நாலாகப் பங்கு வைத்தாள். வயதில் மூத்தவள் காலை நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ சொல்ல, மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடி வழியே சத்தம் வரவில்லை. விடிகாலையிலேயே வேலைக்கு வந்தவர்கள். இது அவர்களுக்கும் பத்தரை மணிப் பசிதான். டீக்கடை இருபதடி தூரத்தில். அங்கே பெஞ்சும் காலியாகத்தான் இருந்தது. அவர்களும் அங்கே போய் உட்காரவில்லை.

இரண்டு காபி, ஒரு டோஸ்ட்; ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யோடு 913 ரூபாய் 50 காசு. பில்லைப் பார்த்ததும் அம்மா ஒரு கணம் எனக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பணத்தை வைத்துவிட்டு எழுந்தபோது மூலை மேசைப் பெண்மணி நிமிர்ந்தார். இரண்டு நீல ஃபைல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"உங்களுக்கும் பேங்க்லதானா? சர்வர் வந்திருக்குமா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ஃபைலைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னும் இரண்டு வாரப் பத்திரிகைகள் இருந்தன.

"நான் பேங்குக்கே போறதில்லைங்க. வீட்டுல பேங்குன்னு சொல்லிட்டு வருவேன். புதன்கிழமை புதன்கிழமை. மூணு வருஷமா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கார், அந்த பேங்க் ரொம்ப மோசம், அங்க மட்டும் கணக்கு வச்சுக்காதீங்கன்னு."